தோல்வி கூடிய கெட்டிக்காரர்கள்: எங்கள் பெடியங்கள் யாரைப் பார்த்துப் பழகலாம்?

அமெரிக்கப் பொக்சர் ஃபுளொயிட் மேவெதர், 50 சண்டை, 50 வெற்றி. பொக்சிங் பழகுகிற எந்தப் பெடியனைக் கேட்டாலும் இந்த இலக்கத்தைச் சொல்வான், அது கிளிநொச்சியாக இருந்தாலும் சரி, புதுக்குடியிருப்பாக இருந்தாலும் சரி. சொல்லட்டும், அதில் பிழையில்லை. பிழை எங்கே என்றால், அந்த மனிதரின் தோள் மறைப்பை (முன் தோளை உயர்த்தி நாடியைக் காக்கிற முறை) யூரியூப்பில் இரண்டு கிழமை பார்த்துவிட்டு இடது கையைத் தொடைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு ரிங்கில் ஏறுவதில்தான். எதிராளியின் முதல் ஜாப், அதாவது முன்கையால் போடும் நேர்க்குத்து, நேரே மூக்கில் விழும். அப்பன், சித்தப்பன் எல்லாரும் பொக்சர்களாக இருந்த வீட்டில், நடக்கத் தொடங்கும்போதே கிளவுஸ் மாட்டிய ஒருவரின் பழக்கத்தை, பின்னேரம் இரண்டு மணித்தியாலம் பழகுகிறவன் எடுக்கப் பார்த்தால் வேறென்ன நடக்கும்?

என் கட்சி இதுதான்: எங்கள் இடத்துப் பிள்ளைகள் பார்த்துப் பழகவேண்டியது தோல்வி கூடிய, ஆனால் உண்மையில் கெட்டிக்காரர்களான வீரர்களை. அவர்கள் பட்ட கரைச்சல்தான் எங்கள் கரைச்சலும். கடைசி நேரத்தில் போட்டி சொல்லுவார்கள், எப்போதும் மற்றவனின் ஊரில்தான் சண்டை, ஆயத்தம் குறைவு, ஸ்பாரிங்குக்கு (பயிற்சிச் சண்டைக்கு) ஆள் இல்லை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர், எல்லாரும் எல்லாருக்கும் பொருந்தமாட்டார்கள். அதனால் நாலைந்து பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவோம்.

அதற்கு முதல், ரெக்கோர்ட், அதாவது வெற்றி தோல்விக் கணக்கு, ஏன் பொய் சொல்கிறது என்பதை ஒருக்கால் பார்க்கவேண்டும். தொழில்முறை பொக்சிங்கில் சண்டைகள் தற்செயலாக அமைவதில்லை. ஏற்பாட்டாளர் ஒருவரை வளர்க்க நினைத்தால் அவருக்கு முதல் 15, 20 சண்டைக்குத் தோற்கக்கூடிய ஆட்களையே கொண்டுவருவார். அந்த 20க்கு 0 என்பது பாதி அவரின் திறமை, பாதி ஏற்பாட்டாளரின் திறமை. எதிர்ப்பக்கம் கொண்டுவரப்படுகிறவருக்கு அப்படி வளர்க்க ஆளில்லை. ஒரு கிழமைக்கு முதல் தொலைபேசி வரும், எடை சரியா என்று கேட்பார்கள், போய் ஏறவேண்டும், நெருக்கமான சண்டை என்றால் தீர்ப்பு வீட்டுக்காரனுக்கு. பொக்சர்களின் கணக்கு வைக்கிற பொக்ஸ்ரெக் இணையத்தளத்தில் அதெல்லாம் பதிவாகாது. அங்கே இருப்பது தோல்வி என்கிற ஒரு சிவப்புக் கட்டம் மட்டும்தான்.

எங்கள் அமெச்சூர் போட்டிகளிலும் இதே கதைதான், வேறு உடுப்பில். சீட்டுக் குலுக்கிச் சோடி போடுகிறார்கள், உன் முதலாவது போட்டியே போன வருடச் சம்பியனோடு வரலாம். ராணுவ அணிக்காரர் ஒவ்வொரு நாளும் அதையே வேலையாகச் செய்கிறவர்கள். இங்கே இருந்து போகிறவன் இரவு பஸ்ஸில் ஏ9 வீதி முழுக்க நித்திரை இல்லாமல் இருந்து, எடை பார்க்கும்வரை தண்ணீரும் குடிக்காமல், அப்படியே நிற்கிறான். எனக்குத் தெரிந்த ஒரு பெடியனின் கொப்பியில் வெற்றி 2, தோல்வி 5 என்று இருக்கிறது. தகப்பன் அந்த ஐந்தைத்தான் எண்ணுகிறார், வயல் வேலைக்கு வா என்கிறார். அந்த ஐந்தில் மூன்று போட்டியை நான் பார்த்தேன். இரண்டில் அவன் தோற்றது சரி. மற்றது எப்படிப் பார்த்தாலும் அவனுடைய போட்டி.

சரி, ஆட்களுக்கு வருவோம்.

முதலில் இமானுவேல் ஒகஸ்டஸ், ஏனென்றால் இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் அவர் பெயர்தான் முதலில் வரும். 38 வெற்றி, 34 தோல்வி, 6 சமநிலை. அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரத்துக்காரர், முன்பு இமானுவேல் பேர்ட்டன் என்ற பெயரில் சண்டை பிடித்தார். யார் கூப்பிட்டாலும், எத்தனை நாள் இருந்தாலும் போய் ஏறுவார். 2000 ஒக்டோபரில் டெட்ரொய்டில் மேவெதரோடு ஏறி ஒன்பதாவது ரவுண்டில் தன் பக்கத்தார் சண்டையை நிறுத்தும்வரை விடாமல் நின்றார், அதைப் பிற்காலத்தில் மேவெதரே நினைவுவைத்து, தன்னோடு மோதியவர்களில் மிகக் கடினமானவர் என்று அவரின் பெயரைச் சொன்னார். 2001 ஜூலையில் மிக்கி வோர்டோடு பிடித்த பத்து ரவுண்ட் அந்த வருடத்தின் சிறந்த சண்டையாக 'ரிங்' என்ற பொக்சிங் சஞ்சிகையால் தெரிவானது. அதிலும் ஒகஸ்டஸுக்குத் தோல்விதான், வோர்டின் ஊர்ப்பக்கத்தில் நடந்த சண்டை அது. 2004இல் மிச்சிகனில் கோர்ட்னி பேர்ட்டனோடு நடந்ததை மட்டும் பார்த்தால் போதும். தீர்ப்பு கோர்ட்னிக்கு என்று வந்தபோது தொலைக்காட்சி வர்ணனையாளர் நேரலையிலேயே கொதித்தெழுந்தார், கொதிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பார்க்க அவ்வளவு வடிவு. கைகால் எல்லாம் நூலில் கட்டிய பொம்மலாட்டப் பொம்மைபோல ஆடும், தோள் ஒரு பக்கம் விழும், எதிராளி அதைப் பார்த்துக் குழம்பும் அந்த அரைச் செக்கனில் அடி வந்து விழும். பிரச்சினை என்னவென்றால், எங்கள் பெடியங்கள் ஆட்டத்தைத்தான் எடுப்பார்கள், அடியை எடுக்கமாட்டார்கள். ஆட்டத்துக்குக் கீழே அவரிடம் நல்ல ஜாப் இருக்கிறது, கிட்ட நின்று அப்பர்கட் (கீழிருந்து மேலே போடும் குத்து) போடுகிற விதம் மிகச் சுத்தம். ஆனால் அதைப் பிரித்துப் பார்க்க ஏற்கனவே பொக்சிங் தெரிந்திருக்கவேண்டும். போதாததற்கு எங்கள் போட்டி நடுவர்களுக்கு முன்னால் அந்தக் கூத்துக் காட்டினால் கூப்பிட்டு எச்சரிப்பார்கள். ஒகஸ்டஸை ரசியுங்கள். பழகுவதற்கு வேண்டாம்.

ஓர்லாண்டோ சலிடோ வேறு ரகம். மெக்சிக்கோவின் ஒப்ரகோன் நகரத்தவர், 15 வயதில் காசுக்குச் சண்டை பிடிக்கத் தொடங்கியவர். மற்றவர்கள் அமெச்சூரில் கற்கிற பாடத்தை இவர் தொழில்முறை ரிங்கில், தோற்றுத் தோற்றுக் கற்றார். அதுதான் 44 வெற்றி, 14 தோல்வி, 4 சமநிலை என்ற கணக்கின் கதை. தொடக்கத் தோல்விகள் ஒரு சின்னப் பையனின் தோல்விகள். 2011 ஏப்ரலில் புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் போய், அந்த ஊர்ச் செல்லப்பிள்ளை ஹுவான் மனுவேல் லோபஸை, அதுவரை ஒரு தோல்விகூட இல்லாதவரை, எட்டாவது ரவுண்டில் தொடரமுடியாமல் அடித்து நிறுத்தினார். அடுத்த வருடம் அங்கேயே திரும்பப் போய்ப் பத்தாவதில் நிறுத்தினார்.

எல்லாரும் பேசுவது 2014 மார்ச் சண்டையை. ஒரு பக்கம் வசில் லொமசென்கோ, இரண்டு ஒலிம்பிக் தங்கம், அமெச்சூரில் 396 வெற்றிக்கு ஒரே ஒரு தோல்வி. மறுபக்கம் 12 தோல்வியோடு சலிடோ. இரண்டு ரெக்கோர்டையும் காகிதத்தில் எழுதிக் காட்டினால் யாரும் சலிடோவுக்கு ஒரு தேத்தண்ணிக்கும் பந்தயம் கட்டமாட்டார்கள். சலிடோ இரண்டுக்கு ஒன்று என்ற நடுவர் கணக்கில் வென்றார். ஆனால் கதையின் மற்றப் பாதியையும் சொல்லவேண்டும்: அவர் எடையில் தவறினார், 126 இறாத்தல் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு இறாத்தலுக்கு மேல் கூட, பட்டம் தராசிலேயே போனது, சண்டை நாளில் 147 இறாத்தலோடு ஏறினார், பெல்ட்டுக்குக் கீழே அடித்த அடிகளை நடுவர் கண்டும் காணாமல் விட்டார். 2006இல் ரொபர்ட் குரேரோவை வென்ற வெற்றியும் ஊக்கமருந்துப் பரிசோதனையோடு ரத்தானது. கெட்டிக்காரன், சந்தேகமே இல்லை, ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு இவரை முன்மாதிரியாகக் காட்ட எனக்குக் கொஞ்சம் வாய் கூசும்.

ஒழுக்கத்தை விடுங்கள், தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் சிக்கல் இருக்கிறது. சலிடோவின் வித்தை உடம்புக்கு அடிக்கிற வித்தை. நெற்றியை எதிராளியின் நெஞ்சில் வைத்து, விலாவுக்கு ஹுக் (பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்து), தலைக்கு மேலால் வலது கை, திரும்ப விலாவுக்கு. அந்த அடி எட்டாவது, ஒன்பதாவது ரவுண்டில்தான் பலன் தரும். எங்களுக்கு இருப்பது மூன்று ரவுண்ட், மொத்தம் ஒன்பது நிமிடம். எதிராளி களைக்கத் தொடங்கும்போது மணி அடித்துவிடும். தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனால் எச்சரிக்கை, அதற்குப் பிறகு புள்ளி வெட்டு. சலிடோவிடம் எடுக்கக்கூடிய ஒன்று, உள்ளே போகும்போது அடித்துக்கொண்டு போவது. வெறுமனே நடந்து போய் அடி வாங்குவதில்லை.

பீற்றர் பக்லி என்ற பெயரை இங்கே பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். பர்மிங்காம்காரர். 300 சண்டை, 32 வெற்றி, 256 தோல்வி, 12 சமநிலை. சிரிக்கவேண்டாம். நசீம் ஹமீட் போன்ற வருங்கால உலகச் சம்பியன்களுக்கு இவர்தான் பரீட்சைத் தாள். இங்கிலாந்தின் சின்ன மண்டபச் சண்டைகளில் நடுவர் ஒருவரே புள்ளியும் போடுவார், டிக்கெட் விற்பவன் வீட்டுப் பக்கத்துப் பெடியன், வெளியூர் மூலைக்காரன் தோற்கவே வருகிறான் என்று எல்லாருக்கும் தெரியும். பக்லியின் தொழில் வெல்வதில் இல்லை, அடிபடாமல் இறங்குவதில் இருந்தது. இடையில் நிறுத்தப்பட்டால் மருத்துவத் தடை வரும், சில கிழமை உழைப்பு போகும். அதனால் கையை உயர்த்தி, முழங்கையை இறுக்கி, உருண்டு, திருப்பி, கட்டிப்பிடித்து ரவுண்டை முடிப்பார், அடுத்த கிழமை வேறு ஊரில் ஏறுவார்.

இதில் எங்களுக்கு என்ன? ஸ்பாரிங்குக்கு எடைக்கு ஏற்ற ஆள் கிடைக்காமல் 60 கிலோக் காரனை 75 கிலோக் காரனோடு விடுகிற இடங்கள் உண்டு, எங்கே என்று கேட்காதீர்கள். அப்படி மாட்டுப்படுகிற பிள்ளைக்கு பக்லியின் பாதுகாப்பு முறை உண்மையிலேயே உதவும். ஆனால் போட்டிக்குப் போகிறவனுக்கு அந்த மனநிலை விஷம். நீதிபதிகள் புள்ளி போடுவது சுத்தமாக விழுந்த அடிக்கு, தப்பிய அடிக்கு இல்லை.

இந்தக் கூட்டத்தில் டார்னல் பூன் என்பவரையும் ஒரு வரியில் சொல்லாமல் போகமுடியாது: வெற்றியும் தோல்வியும் ஏறக்குறைய சமம், ஆனால் பிறகு உலகச் சம்பியனான அடோனிஸ் ஸ்டீவன்சனை 2010இல் இரண்டாவது ரவுண்டிலேயே நொக்கவுட் செய்தவர், ஒலிம்பிக் தங்கக்காரர் அந்த்ரே வோர்டை ஒரு தடவை கீழே விழுத்தியவர்.

பழைய ஆட்களில் எனக்குப் பிடித்தவர் ஜேர்சி ஜோ வொல்கொட். வீட்டில் ஆறு பிள்ளைகள், வயிற்றுக்குச் சரியான சாப்பாடில்லை, பயிற்சி இல்லாமல் காசுக்காக ஏறி இறங்கிய காலத்தில் சேர்ந்த தோல்விகள் நிறைய. ஆளைச் சரியாகப் பார்த்துக்கொள்ள ஒருவர் வந்த பிறகுதான் உண்மையான வொல்கொட் வெளியே வந்தார். 1947 டிசம்பரில் அப்போதைய உலகச் சம்பியன் ஜோ லூயிஸை இரண்டு தடவை விழுத்தியும் தீர்ப்பில் தோற்றார். ஐந்தாவது முயற்சியில், 1951இல், 37 வயதில், எஸார்ட் சார்ள்ஸை ஒரு இடது ஹுக்கால் சாய்த்து உலகச் சம்பியனானார். அவரின் கால்களைப் பாருங்கள். அடிக்கப் போகிறவர் திடீரென்று திரும்பி நடப்பதுபோல இரண்டு எட்டு வைப்பார், எதிராளி கை தளர்த்துவான், அந்த இடத்தில் வலது கை. கறுப்பு வெள்ளைப் படம்தான், டேட்டாவும் அதிகம் இழுக்காது. கை நீளமான, உயரமான பிள்ளை இருந்தால் அவனுக்கு நான் வொல்கொட்டைத்தான் காட்டுவேன். ஆனால் அந்த நடை முதல் இரண்டு வருடத்தில் எடுக்கக்கூடியது இல்லை. காலைச் சரியாக வைக்கத் தெரியாதவன் அதைச் செய்தால் சமநிலை தவறி நிற்பான், அந்த நேரம் பார்த்து அடி வரும்.

அப்புறம் கிளென் ஜோன்சன். என் தெரிவு இவர்தான், ஏனென்று விரிவாகச் சொல்கிறேன்.

ஜமேக்காவில் பிறந்து மயாமிக்குப் போய், கட்டட வேலை செய்துகொண்டு, உடம்பைக் குறைக்கவென்று இருபது வயதில் பொக்சிங் தொடங்கியவர். இதை எங்கள் பெடியங்களுக்கு முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் 17 வயதில் வருகிறவனும் நான் பிந்திவிட்டேனா என்று கேட்கிறான். முதல் 32 சண்டையும் வென்றார். 1997இல் பேர்னாட் ஹொப்கின்ஸ் பதினோராவது ரவுண்டில் நிறுத்தினார். ஜோன்சனின் உச்சக் காலத்தில் அவரை நிறுத்தியவர் ஹொப்கின்ஸ் ஒருவர்தான். அதற்குப் பிறகு ஏற்பாட்டாளர்களின் ஆதரவு இல்லாமல் ஜேர்மனி, இத்தாலி, இங்கிலாந்து என்று மற்றவர்களின் ஊர்களில் ஏறி, நெருக்கமான தீர்ப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இழந்தார். ஊர் ஊராகப் போய்ச் சண்டை பிடிக்கிறவர் என்ற அர்த்தத்தில் 'ரோட் வோரியர்' என்ற பட்டப்பெயரே வந்தது. 2003 நவம்பரில் ஷெஃபீல்டில் கிளின்டன் வூட்ஸோடு பட்டச் சண்டை, வூட்ஸ் அந்த ஊரவர், சமநிலை என்றார்கள். மூன்று மாதத்தில் அதே ஊருக்குத் திரும்பப் போய் வென்று பட்டத்தை எடுத்துவந்தார்.

அதே 2004 செப்டெம்பரில் மெம்பிஸில் முன்னாள் உலகச் சம்பியன் ரோய் ஜோன்ஸோடு சண்டை. ஜோன்ஸ் ஏற்கனவே மே மாதம் அன்டோனியோ டார்வர் என்ற பொக்சரிடம் நொக்கவுட் ஆனவர், பழைய ஜோன்ஸ் இல்லை, இதை மறைக்கத் தேவையில்லை. இருந்தாலும் அந்த ஒன்பது ரவுண்ட் ஒரு பாடப்புத்தகம். ஜோன்சன் பாய்வதில்லை. சின்னச் சின்ன எட்டு. ஜோன்ஸ் இடப்பக்கம் நகரமுதல் அங்கே ஒரு கால் நிற்கும், வலப்பக்கம் போனால் அங்கே ஒரு கால். கயிற்றில் சாய்ந்ததும் கைக்கு மேலே, தோளுக்கு, விலாவுக்கு, எங்கே கிடைக்கிறதோ அங்கே, நிற்காமல் அடி. அதில் பாதி அடி சரியாகப் படவேயில்லை. ஆனால் ஜோன்ஸுக்குத் திருப்பி அடிக்க நேரம் கிடைக்கவில்லை. ஒன்பதாவதில் வலது கை மேலால் வந்தது, ஜோன்ஸ் சில நிமிடங்கள் எழும்பவில்லை. டிசம்பரில் டார்வரையும் இரண்டுக்கு ஒன்று என்ற நடுவர் தீர்ப்பில் வென்று, அந்த வருடத்தின் சிறந்த வீரர் ஆனார். ஜோன்ஸோடு ஏறும்போது அவருக்கு ஒன்பது தோல்விகள் இருந்தன.

ஜோன்சனிடம் இருக்கிற எதற்கும் பிறவித் திறமை தேவையில்லை. கை உயர்ந்திருக்கும், ஜாப் போட்டுக்கொண்டே நடக்கும், ஜாப்புக்குப் பின்னால் வலது கை, முதல் மணியில் இருந்து கடைசி மணிவரை ஒரே வேகம். மூன்று ரவுண்ட் போட்டிக்கு இது அப்படியே பொருந்தும். முதல் நிமிடத்திலேயே அடி எண்ணிக்கையைக் கூட்டி வைத்தால், சந்தேகத்தில் இருக்கிற நீதிபதிக்கு யார் வேலை செய்தது என்று யோசிக்கத் தேவை வராது. உரப்பையில் மணலும் பழந்துணியும் அடைத்து, ரியூப்பால் இறுக்கி, மரக்கொப்பில் தொங்கவிட்ட பாக் ஒன்றும் ஓடுவதற்குக் குளக்கட்டும் இருந்தால் இந்த விளையாட்டுக்குத் தேவையான முக்கால்வாசி வந்துவிடும். மிச்சம் நெஞ்சுரம், அது வன்னியில் தட்டுப்பாடான சாமான் இல்லை.

குறை இல்லையா? இருக்கிறது. தலை அசைவு குறைவு, அடி வாங்கித்தான் அடி கொடுப்பார். 42 வயதிலும் உலகப் பட்டத்துக்குச் சண்டை பிடித்தார், முன்னமே விட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். தோல்வி நிறைந்த கெட்டிக்காரர்கள் எல்லாருக்கும் இந்த ஆபத்து பொதுவானது. கூப்பிட்ட இடமெல்லாம் போய் ஏறினால் மூளை கணக்கு வைத்துக்கொள்ளும். அதனால் ஜோன்சனின் கால்களையும் கைகளின் ஓயாத வேலையையும் எடுங்கள், தலையை மட்டும் வொல்கொட்டிடமோ பக்லியிடமோ கடன் வாங்குங்கள். எங்கள் இளையோர் தலைக்கவசம் போட்டு விளையாடுகிறார்கள் என்பதால் தலைக்கு அடி விழாது என்று நினைக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், குலுக்கத்தைத் தடுக்காது.

பெண்பிள்ளைகளுக்கும் இதே பதில்தான். ஸ்பாரிங்குக்கு ஆள் கிடைக்கிற கஷ்டம் அவர்களுக்கு இன்னும் கூட, அதனால் தனியாகப் பாக்கில் பழகக்கூடிய பாணி இன்னும் உதவும்.

எப்படிப் பார்ப்பது என்றால், முழுச் சண்டையையும் ஒரேயடியாகப் பார்த்து டேட்டாவை முடிக்கவேண்டாம். சத்தத்தை நிறுத்திவிடுங்கள், வர்ணனையாளர் உங்கள் கண்ணை இழுத்துக்கொண்டு போவார். ஒரு ரவுண்டை எடுத்து முதல் தடவை கால்களை மட்டும், இரண்டாவது தடவை இடது கையை மட்டும் பார்க்கவேண்டும். வூட்ஸின் ஷெஃபீல்ட் சண்டைகள் இரண்டும் முதலில், பிறகு ரோய் ஜோன்ஸ், பிறகு 2008இல் சாட் டோசனோடு டாம்பாவில் நடந்தது. அதில் மூன்று நீதிபதிகளும் டோசனுக்குக் கொடுத்தார்கள், நீங்கள் உங்கள் கொப்பியில் தனியாகப் புள்ளி போட்டுப் பாருங்கள். 2005இல் டார்வரோடு நடந்த இரண்டாவது சண்டையைக் கடைசிக்கு வையுங்கள். அதில் ஜோன்சன் நியாயமாகவே தோற்றார், டார்வர் அந்தத் தடவை எதை மாற்றினார் என்று பெடியனே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.